அறுபதாவது புள்ளிக்கு அப்பால்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ரவீந்திரன் என்ற பொறியாளர் போர்ட் பிளேயரில் என் வீட்டுக்கு வந்தார். மெயின்லேண்டில் கம்ப்யூட்டரில் போட்டு வாங்கிய தாள்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்திருந்தார். துறைமுகத்துக்குள் அலை எப்படி நடக்கும் என்ற கணக்கு அது. தாளின் ஓரத்தில் ஓர் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்.

"அலை வெளியே போயிருக்கணும் சார். போகாம ஓரத்துல முட்டித் திரும்பி வருது. நீங்க எல்லாத்தையும் கையால போட்ட காலத்துல இதுக்கு என்ன பண்ணீங்க?"

அவருக்கு வேண்டிய பதிலைப் பத்து நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லாமல் விட்ட பகுதியை இங்கே எழுதுகிறேன். அன்றாடம் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் தேதி, எண் எதையும் ஞாபகத்திலிருந்து எடுக்க வேண்டிய தேவையில்லை.

நான் தூத்துக்குடிக்காரன். இன்டர்மீடியட்டில் கணிதம் படித்தேன், சர்வே பள்ளியில் ஓராண்டு இருந்தேன், ஐம்பதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேயருக்குக் கப்பலேறினேன். முதல் எட்டு ஆண்டுகள் ஈயக் குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி ஆழம் பார்ப்பதும், ஓதம் ஏறுவதையும் இறங்குவதையும் குறிப்பதுமாகப் போயின. அறுபதுகளில் கடல்சார் கட்டுமானப் பிரிவு ஒன்றில் கணக்கீட்டு உதவியாளர் ஆனேன். ஐம்பது வயதில் கண் பார்வை குறைந்ததால் விருப்ப ஓய்வு பெற்றேன். பணி வரலாறு இவ்வளவுதான். சொல்லவேண்டியது நடந்தது அறுபதுகளின் நடுவில்.

அப்போது எங்கள் எக்ஸிகியூட்டிவ் என்ஜினீயராக இருந்தவர் தணிகாசலம். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அலுவலகத்தில் அழிரப்பர் வைத்துக்கொள்ள அவர் அனுமதிக்கவில்லை. தவறிய எண்ணை ஒரு கோட்டால் அடித்து, மேலே சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் முதலெழுத்தைப் போட வேண்டும். ஒவ்வொரு தாளின் கடைசி நிரலிலும் 'சரிபார்த்தது' என்ற தலைப்பு இருக்கும். அவரிடம் தாளைக் கொடுத்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலை ஏதோ ஒரு வரிசையில் வைப்பார். அந்த ஒரு வரிசையை ஸ்லைடு ரூலில் தானே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திடுவார். எந்த எண்ணைக் காட்டினாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்கேர்ந்து வருது?"

அலையைத் தாளில் ஓட்டும் முறையை அவர்தான் எங்களுக்குக் கற்றுத் தந்தார். கரையிலிருந்து கடலை நோக்கி நேர்கோடு ஒன்று. இருநூறு அடிக்கு ஒரு புள்ளியாக அறுபது புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் கடலின் ஆழம், நீர்மட்டம், நீரின் வேகம். ஐந்து விநாடிக்கு ஒரு படி. ஒரு படியிலுள்ள எண்களை வைத்து அடுத்த படியின் எண்களைப் போட வேண்டும். கைப்பிடியைச் சுற்றிப் பெருக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஒருநாள் முழுக்கச் சுற்றினால் ஆயிரத்துச் சொச்சம் எண்கள் விழும். மாலையில் வலது தோள் கனத்துப்போய்ச் சட்டையைக் கழற்றவே சிரமமாக இருக்கும்.

சிக்கல் அறுபதாவது புள்ளியில் இருந்தது. தாள் அங்கே முடிந்துவிடுகிறது, கடல் முடியவில்லை. கரையில் மோதித் திரும்பும் அலை அங்கே வரும்போது, அதற்கு அப்பால் போக எண் எதுவும் இல்லாததால், சுவரில் பட்டதுபோலத் திரும்பி வந்துவிடும். தணிகாசலம் இதை எங்களுக்கு வராந்தாவில் காட்டினார். தகரத்தில் பதினெட்டு அடி நீளத் தொட்டி ஒன்றைத் தச்சரிடம் செய்யச்சொல்லி நீர் நிரப்பினார். ஒரு முனையில் பலகையால் தள்ளினார். அலை மறுமுனைக்குப் போய் முட்டித் திரும்பியது. பிறகு மறுமுனையில் தேங்காய் நாரைக் குவித்தார். முதலில் இளக்கமாக, போகப்போக இறுக்கமாக. மறுபடி தள்ளினார். நாருக்குள் நுழைந்த அலை திரும்பி வரவில்லை.

"இதையே தாள்ல பண்ணணும். கடைசி நாலு புள்ளியில வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டே போ. ஒரேயடியா குறைச்சா அதுவே சுவராயிடும்" என்றார்.

அதன்படி ஐம்பத்தேழிலிருந்து அறுபது வரை, ஒவ்வொரு படியிலும் வேகத்தைப் பத்தில் ஒன்பது, ஏழு, நான்கு, ஒன்று எனக் குறைத்தோம். அந்த நான்கு புள்ளிகளுக்கு அலுவலகத்தில் 'நார்' என்றே பெயர் ஆகிவிட்டது. நார் போட்டாச்சா என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும்.

மாயாபந்தருக்கு வடக்கே ஒரு விரிகுடாவில் படகு அணைவதற்கு ஜெட்டி ஒன்று கட்ட வேண்டியிருந்தது. அதன் பெயர் இங்கே தேவையில்லை. வங்காளக் குடியேறிகள் அங்கே நிலம் திருத்தி நெல் போட்டிருந்தார்கள். நோயாளியை ஏற்றுவதானாலும் மூட்டையை இறக்குவதானாலும் இடுப்பளவு நீரில் இறங்கித்தான் செய்தார்கள். ஜெட்டிக்கு இரண்டு இடங்கள் பேச்சில் இருந்தன. ஒன்று ஊருக்கு நேர் எதிரே, கரையிலிருந்து நீண்டு எங்கள் கோட்டின் பன்னிரண்டாவது புள்ளியில் முடிவது. மற்றொன்று பாறை மூக்குக்குப் பின்னால் ஓடைக்குள். அங்கிருந்து ஊருக்கு வர அரை மைல் சேற்றில் நடக்க வேண்டும். ஊருக்கு எதிரே கட்டினால் படகு அமைதியாக நிற்குமா என்பதைத்தான் நான் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

ஆழம் பார்க்கப் போனபோது எங்களுக்குப் படகு தந்தவர் காதர் பாய். ராமநாதபுரம் கரைப்பக்கம் பிறந்தவர். மாயாபந்தரில் மளிகைக் கடையும் எஞ்சின் படகு ஒன்றும் வைத்திருந்தார். பதினோரு நாள் அவர் படகில் இருந்தோம். நான் ஒவ்வொரு ஆழத்தையும் இரண்டு முறை பார்ப்பதைக் கண்டு அவருக்குச் சிரிப்பு.

"ஒருக்கா பாத்தா நம்ப மாட்டீங்களோ? உங்க வீட்டுல சோத்தையும் ரெண்டு வாட்டி அளந்துதான் வைப்பாகளா?"

"வீடு ஊர்ல இருக்கு பாய். இங்க நானே அளந்து நானே திங்கிறேன்."

"அதான் இப்படி இருக்கீங்க."

வெளிப்பக்கம் ஐம்பத்தொன்றிலிருந்து ஐம்பத்துநான்கு வரை நீருக்கடியில் ஒரு பாறைத் திட்டு இருந்தது. பாகம் என்றால் ஆறடி; சுற்றிலும் ஆறு ஏழு பாகம் ஆழம், திட்டின்மேல் இரண்டு பாகம்தான். அதையும் இரண்டு முறை பார்த்து எழுதினேன். கரைக்குத் திரும்பும்போது, பன்னிரண்டாவது புள்ளி வரும் இடத்தைக் கையால் காட்டி, ஜெட்டி இங்கே வரலாம் என்றேன். காதர் பாய் எஞ்சினைக் குறைத்தார்.

"யே பானி அச்சா நஹீன் சார். நல்ல தண்ணி இல்ல இது. வாடைக் காத்து மாசத்துல இங்க தண்ணி ரெண்டு தடவ வரும்."

"அலைன்னா திரும்பத் திரும்ப வரத்தானே செய்யும்?"

"அது இல்ல சார். பெரிய தண்ணி ஒண்ணு வந்து கரையில அடிச்சுப் போயிரும். போச்சேன்னு நெனப்பீங்க. ஒரு பீடியைப் பத்த வெச்சு இழுங்க. பீடி முடியுறப்போ போனது வாபஸ் வரும். படகைத் தூக்கிப் போடும். அதுக்கு முன்னால எறங்கிரணும், இல்லாட்டி அது போன பெறகு எறங்கணும்."

"எங்கேர்ந்து வருது?" என்று கேட்டேன். தணிகாசலத்தின் கேள்வி எனக்கும் பழகியிருந்தது.

"அது அல்லாவுக்குத்தான் தெரியும். நீங்க கவர்மெண்ட்டு, கண்டுபிடிங்க. உங்க பேப்பர்ல கடல் ஒழுங்கா நடந்துக்கிடும்."

அன்றைய குறிப்பில் இதை அப்படியே எழுதினேன். அந்தப் பக்கம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. 'காதர் பாய் கூற்று: நீர் இருமுறை வரும். இடைவெளி ஒரு பீடி.' ஆழ அட்டவணையில் இதற்கென்று நிரல் எதுவும் இல்லாததால் அலுவலகத் தாளில் ஏற்றவில்லை.

கணக்கு ஏழு வாரம் ஓடியது. நாற்பதாவது புள்ளியில் ஓர் அலையை வைத்துக் கரையை நோக்கி விட்டேன். முப்பதாவது படியில் அது ஜெட்டியைக் கடந்தது. கரையில் மோதி, ஐம்பத்துநான்காவது படியில் மறுபடி ஜெட்டியைக் கடந்து வெளியே போனது. அதன்பின் ஜெட்டியில் எண்கள் சுழியை ஒட்டியே இருந்தன. நூற்று முப்பதைத் தாண்டியதும் மெல்ல ஏறின. நூற்று நாற்பதாவது படியில் ஒரு மேடு. முதல் அலையில் பாதிக்குச் சற்றுக் குறைவு.

தாளை எடுத்துக்கொண்டு தணிகாசலத்திடம் போனேன். மேட்டின்மேல் விரலை வைத்தார்.

"எங்கேர்ந்து வருது?"

"ஓரத்துலேர்ந்துன்னு நினைக்கிறேன் சார். நாரு பத்தல."

"நினைக்கிறதுக்கா சம்பளம்? ஓரத்துல முட்டி வந்தா அது நம்ம தப்பு. வேற எங்கயாவது முட்டி வந்தா அது கடல். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்." விரலைத் தாளின் ஓரத்துக்கு நகர்த்தினார். "ஓரத்தை இன்னும் இருபது புள்ளி தள்ளி வை. எண்பதுல முடி. மேடு லேட்டா வந்தா ஓரத்துலேர்ந்து வருது, தூக்கிப் போட்டுடலாம். அதே நேரத்துக்கு வந்தா நெஜம்."

இவ்வளவு எளிமையான சோதனையை நான் அதற்கு முன்பும் பின்பும் கண்டதில்லை. அலை ஓரத்தை எட்டும்வரை பழைய எண்களே செல்லும். தொண்ணூறாவது படியிலிருந்து புதிதாகப் போட்டால் போதும். இருபது புள்ளிக்குக் கடல் வரைபடத்திலிருந்து ஆழம் எடுக்க ஒரு நாள், எண்கள் போட ஐந்து நாள். மொத்தம் ஆறு நாள் வேலை.

கப்பல் நான்காம் நாள் புறப்படுவதாக இருந்தது. அறிக்கை அதில் போனால்தான் அந்தக் கோடையில் வேலை தொடங்க முடியும். அதே கப்பலில் எனக்கு விடுப்பும் டிக்கெட்டும் இருந்தன. தூத்துக்குடியில் என் மனைவிக்கு மகள் பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது, நான் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த கப்பல் ஐந்து வாரம் கழித்து என்றார்கள். இதெல்லாம் தணிகாசலத்துக்குத் தெரியும். அறையை விட்டு வெளியே வரும்போது கூப்பிட்டார்.

"நடராஜன். முடிஞ்சா முடிச்சேன்னு எழுது. முடியலன்னா முடியலன்னு எழுது. ரெண்டுக்கும் நான் கையெழுத்துப் போடுவேன். செய்யாததைச் செஞ்சேன்னு மட்டும் எழுதாதே."

முடியவில்லை என்று எழுதியிருந்தால் அறிக்கை அடுத்த கப்பலுக்குத் தங்கியிருக்கும். அதை முடித்துக் கொடுக்க நானும் தங்கியிருப்பேன்.

ஓரத்தைத் தள்ளுவதற்குப் பதிலாக நாரை அகலப்படுத்தினேன். நான்கு புள்ளியாக இருந்ததைப் பத்தாக்கினேன். ஐம்பத்தொன்றிலிருந்து அறுபது வரை வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தேன். இதற்குப் புதிய ஆழம் தேவையில்லை, மூன்று நாளில் முடியும். முடிந்தது. நூற்று நாற்பதாவது படியில் மேடு இல்லை. நார் போதாததால்தான் மேடு வந்தது, போதுமான நார் போட்டதும் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். குறிப்பில் அன்று இருப்பது இது: 'நாரைப் பத்தாக்கினேன். மேடு மறைந்தது. திருப்தி.'

ஐம்பத்தொன்றிலிருந்து ஐம்பத்துநான்கு வரை இருப்பது அந்தப் பாறைத் திட்டு. அதன் ஆழத்தை என் கையால் இரண்டு முறை அளந்திருக்கிறேன். அன்று அந்த நான்கு எண்களும் மூன்று நாளும் என் கைக்குக் கீழேதான் இருந்தன. திட்டு என்ன செய்கிறது என்று காட்டவேண்டிய கணக்கில், திட்டின்மேலேயே நாரைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

'சரிபார்த்தது' என்ற நிரலில், ஓரம் தள்ளிச் சோதிக்கப்பட்டது என்று எழுதி முதலெழுத்திட்டேன். நாரை அகலப்படுத்துவதும் ஓரத்தைத் தள்ளுவதும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று எழுதும்போது எனக்கே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. ஏறக்குறைய என்ற சொல்லை வேறு எந்தத் தாளிலும் நான் பயன்படுத்தியதில்லை. தணிகாசலம் கையெழுத்திட்டார். மறுநாள் கப்பலேறினேன். மகளைத் தூக்கியபோது என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள்.

ஊருக்கு எதிரே பன்னிரண்டாவது புள்ளியில் ஜெட்டி எழுந்தது. நல்ல மரம், நல்ல வேலை. திறந்த அன்று குடியேறிகள் இனிப்புக் கொடுத்தார்களாம். அதற்குள் தணிகாசலத்துக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்துவிட்டது.

முதல் வாடைக் காற்றிலேயே அது நடந்தது. வயர்லெஸ்ஸில் வந்த செய்தியில் பெயர் இல்லை. 'ஜெட்டியில் படகோட்டி ஒருவருக்குக் காலில் காயம்' என்று மட்டும் இருந்தது. படிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் போர்ட் பிளேயர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நான் போய்ப் பார்க்கும்போது வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள்.

காதர் பாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க சார். சாய் வரச் சொல்லவா?"

"வேண்டாம் பாய். எப்படி ஆச்சு?"

"ஒரு வங்காளத்துப் பொம்பள, கைப்புள்ளையோட. காய்ச்சல் புள்ள. மொதத் தண்ணி அடிச்சுப் போயிருச்சு. ரெண்டாவது வர நேரம் இருக்கு, எறங்கு எறங்குங்கிறேன். அவளுக்குப் பயம். உதர்னா, ஜல்தி உதர்னா, கத்துறேன். மூட்டையைத் தேடுறா. நேரம் ஆயிப்போச்சு. படகு தூணுல அடிச்சா ரெண்டு பேரும் நடுவுல விழுவாக. நான் காலைக் குடுத்துப் படகைத் தள்ளிப் பிடிச்சேன். அவ எறங்கிட்டா. காலு மாட்டிக்கிருச்சு."

"பிள்ளை?"

"நல்லா இருக்காம். நேத்து கம்பவுண்டர் சொன்னாரு."

அவரே தொடர்ந்தார். குரலில் சண்டை எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது.

"அன்னிக்குப் படகுல நான் சொன்னதைப் புத்தகத்துல எழுதிக்கிட்டீங்களே சார். அதுல போடலியா?"

"போட்டேன் பாய்."

"அப்பறம் எப்படி?"

எழுதியது என் சொந்தப் புத்தகத்தில் என்று நான் சொல்லவில்லை. பெரிய இடத்தில் முடிவு செய்தார்கள் என்ற பொருள்படக் கையை மேலே காட்டினேன். அவர் தலையசைத்தார். எழுதவே கூசும் செயல்களில் பொய்யாகப் போட்ட முதலெழுத்தை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதலாவது இந்தக் கையசைவு.

அதற்குப் பிறகுதான் சோதனையைச் செய்தேன். அலுவலக இயந்திரத்தைத் தொடாமல், வீட்டில், மடக்கை அட்டவணையை வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில். பதினான்கு ஞாயிறு ஆயிற்று. நாரை மீண்டும் நான்கு புள்ளியாக்கி, ஓரத்தை எண்பதுக்குத் தள்ளினேன். மேடு நூற்று நாற்பதாவது படியில் வந்தது. ஒரு படிகூடத் தள்ளிப் போகவில்லை. வெளியே போன அலையில் ஒரு பங்கைத் திட்டு திருப்பி அனுப்புகிறது. அலை ஜெட்டியைக் கடந்து வெளியேறியது ஐம்பத்துநான்கில், திரும்பியது நூற்று நாற்பதில். எண்பத்தாறு படி, படிக்கு ஐந்து விநாடி. ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பீடி வாங்கிக் கொடுத்துக் கடிகாரத்தில் பார்த்தேன். இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டே பிடித்தார். ஏழு நிமிடம்.

தாள்களைக் கோப்பில் சேர்த்துக் குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். வாடைக் காற்று மாதங்களில் ஜெட்டியில் படகு கட்டக்கூடாது என்று ஒரு பலகை வைத்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. தணிகாசலத்துக்கு எல்லாவற்றையும் கடிதமாக எழுதினேன். பதில் ஒரு அஞ்சலட்டையில் வந்தது. 'கடிதம் கிடைத்தது. அன்று கப்பலுக்கு நேரமாகிவிட்டதால் உன் தாளில் ஒரு வரிசையைக்கூட நான் போட்டுப் பார்க்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றவே இல்லை. கையெழுத்து என்னுடையது.' அதன்பின் எங்களுக்குள் கடிதப் போக்குவரத்து இல்லை.

ரவீந்திரனிடம் சொன்னது இதுதான்: திரும்பி வரும் அலையைக் கண்டதும் நாரை அகலப்படுத்தாதீர்கள், முதலில் ஓரத்தைத் தள்ளிப் பாருங்கள். இப்போது இயந்திரம் அதை அரை மணியில் செய்துவிடுமாம். குறித்துக்கொண்டு போனார். அவர் போன மறுவாரம் மாயாபந்தருக்குப் படகேறினேன்.

காதர் பாய் கடையில் இருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. கட்டைக்கால் கல்லாவுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் பருப்புக்காக நின்றார். எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, அவர் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். மேடு, நார், திட்டு, கப்பல், மகள், முதலெழுத்து, மருத்துவமனையில் கையை மேலே காட்டியது எல்லாவற்றையும். நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தையும் திறந்து வைத்தேன். அவருக்குத் தமிழ் வாசிக்க வரும். விரலை வைத்து இரண்டு வரியையும் படித்தார்.

"அந்தச் சோதனை எத்தன நாள் வேலைன்னு சொன்னீங்க?"

"ஆறு நாள் பாய்."

"ஆறு நாள்." தராசுத் தட்டில் படிக்கல்லை வைத்தார். "கித்னா, ஆதா கிலோ?" என்று வாடிக்கையாளரிடம் கேட்டு, நிறுத்து, பொட்டலம் கட்டி, நூலைச் சுற்றி அறுத்துக் கொடுத்தார். அந்த ஆள் போகும்வரை என்னைப் பார்க்கவில்லை.

"உங்க மக இப்ப என்ன படிக்குது?"

"ஒன்பதாவது."

"கணக்கு வருமா?"

"நல்லா வரும்."

தலையசைத்தார். நாட்குறிப்பை மூடி என்னிடம் தந்தார். நான் எழுந்தபோது, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கட்டைக்காலை எடுத்து வாரை இழுத்து மாட்டத் தொடங்கினார். மூன்று வார். ஒவ்வொன்றாக மாட்டி முடிக்கும்வரை நான் நிற்க வேண்டியிருந்தது. பிறகு மூன்று படி இறங்கி, தெருவரை வந்து, என்னை வழியனுப்பினார்.